பட்டப்பகலில் ஏறிய மாடிப்படி

பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் கோமளவல்லி படியேறினாள். பெரியகுளம் கடைவீதியில், மருந்துக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே மேலே போகிற அந்தக் குறுகலான மாடிப்படி எதற்கானது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேலே வக்கீல் அமலநாதனைத் தவிர வேறு யாரும் இல்லை. அவரிடம் போகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவதில்லை, மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கத்தான் போகிறார்கள். இந்த ஆளால் இனி கடனைத் திருப்பித் தர முடியாது, கணக்கைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தாள் போய்ச் சேரும். தாள் இப்போதெல்லாம் வெள்ளையாகவே வருகிறது, பேர் மட்டும் மஞ்சளாகவே நின்றுவிட்டது. அதனால் வருகிறவர்கள் கடையடைக்கிற நேரமாகப் பார்த்து, தெருவிளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கள் மாதிரி கொஞ்சம் நின்று, சட்டென்று படிக்குள் நுழைந்துவிடுவார்கள். கோமளவல்லி வெயில் நேரத்தில், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சுங்குடிச் சேலையில், செருப்புச் சத்தம் கேட்க ஏறினாள். மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் நின்று, சௌக்கியமா என்று விசாரித்தாள். மனிதர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். திருடப் போகிறவர்கள் இருட்டில் போகட்டும், நான் எதற்குப் போக வேண்டும்? மேலே வந்து பார்த்தால் முன்னறையில் ஒரு பெஞ்சும் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளும், கடகடவென்று அடித்துக்கொள்ளும் ஒரு மின்விசிறியும், மாதா படம் போட்ட காலண்டரும்தான். குமாஸ்தா சந்தியாகு எழுந்து நின்றுவிட்டார். ஐயா கோர்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தார், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் உட்காருங்கள் என்றார். கோமளா பஸ் முதலாளியம்மா இந்தப் பெஞ்சில் வந்து உட்காருவாள் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். உட்கார்ந்தாள். சாய்ந்துகொள்ளவில்லை.

உள்ளேயிருந்து ரசத்தின் வாசனை வந்தது. நிதானமாகச் சாப்பிடுகிற ஆள்தான், பாத்திரச் சத்தம் அவசரமில்லாமல் கேட்டது. நல்லது. அரக்கப்பரக்கச் சாப்பிடுகிற வக்கீலை அவளுக்குப் பிடிக்காது, அப்படிச் சாப்பிடுகிற டிரைவரையும் பிடிக்காது, டிரிப் முடிந்து வந்து நின்றபடியே விழுங்குகிறவன் வளைவிலும் அப்படித்தான் ஓட்டுவான். மதுரைக்குப் போங்கள் அண்ணி என்றான் கொழுந்தன். மதுரையில் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது, வேலை முடிந்து விஷயம் வெளியே வரும்போது வரட்டும். யாருக்கும் என்னைத் தெரியாது என்பதை ஒரு வசதியாக இவன் சொல்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் வரைக்கும் ஒரு ஊர் விடாமல் அவளைத் தெரியும். ஓசூரிலிருக்கும் மகள் போனிலேயே தேடி, நட்சத்திரம் போட்டு மார்க் கொடுத்த வக்கீல்களின் பெயர்களை அனுப்பினாள். ஒருவர் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கடன் தொல்லையா, கவலை வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. கவலை வேண்டாம் என்று சொல்கிறவனை எப்படி நம்புவது? கவலைப்பட வேண்டிய விஷயத்துக்குத்தானே அவனிடம் போகிறோம்? டயர் வாங்கினால் கடைக்காரனைக் கேட்காதே, அந்த டயரில் ஓடினவனைக் கேள் என்று அப்பா சொல்வார். வக்கீலில் ஓடினவன் யார்? ஜெயித்தவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள், அவர்கள் எங்கே நிஜம் சொல்லப் போகிறார்கள். தோற்றவர்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாள் அடுப்படியில் புளி கரைக்கும்போது தோன்றியது. கையைக் கழுவிவிட்டு நேரே ஒச்சப்பன் வீட்டுக்குப் போனாள். ஒச்சப்பன் வட்டிக்கு விடுகிறவர், அவளுக்கும் விட்டிருக்கிறார், மனிதர் அவளைப் பார்த்ததும் வட்டி கொண்டுவந்திருக்கிறாள் என்று முகம் மலர்ந்து காபி கொண்டுவரச் சொன்னார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அண்ணே, உங்க காசு கோர்ட்டுல போயி முடங்கிருக்கும்ல, அப்பல்லாம் எந்த வக்கீல நெனச்சு நீங்க ராத்திரி தூங்காம வஞ்சீங்க?"

ஒச்சப்பன் யோசிக்கவே இல்லை. அமலநாதனின் பெயரைச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் சில வார்த்தைகளைச் சேர்த்தார். பொம்பளைப் பிள்ளை முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகள் என்று நடுவிலேயே ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுபடி சொன்னார். மூன்று தடவை அந்த ஆள் தன்னைக் கவிழ்த்திருக்கிறான், ஒரு பொய் சொன்னான் என்று காட்டவும் வழியில்லை, எல்லாம் சட்டப்படி, அதுதான் வயிற்றெரிச்சல் என்றார். அப்புறம்தான் எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்கு உறைத்தது. முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அண்ணே, பெரிய உதவி என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். இப்படி ஒரு வக்கீலை இந்த ஜில்லாவில் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்களா? மகளுடைய நட்சத்திரமெல்லாம் ஒச்சப்பனின் ஒரு வசவுக்கு முன்னால் நிற்குமா? அதை நினைக்க நினைக்க உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது, சந்தியாகு பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டாள். அடக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

இந்தக் கைக்கு எத்தனை தடவை சொல்வது. போன வாரத்திலிருந்து இப்படித்தான், யோசனை வந்தால் போதும், இரட்டைவடச் சங்கிலியைத் தேடி ஏறிவிடுகிறது. போகட்டும், அந்தச் சங்கிலி இப்போது தேனியில் யார் கடைக் கண்ணாடிக்குள் இருக்கிறதோ, உருக்கியே இருப்பார்கள். முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்ளலாம், வருகிற வழியில் ஒருத்தி அப்படித்தான் கண்ணால் ஜாடை காட்டினாள். அவள் மூடவில்லை. எதற்கு மூட வேண்டும்? அந்தச் சங்கிலியும் வளையல்களும் எங்கே போயின என்று கேட்டால் ஊருக்குச் சொல்ல அவள் தயார். டிரைவர் ஜெயக்கொடிக்கும் கண்டக்டர் மொக்கராசுக்கும் மற்றவர்களுக்கும் பாக்கிச் சம்பளம், தீபாவளி போனஸ் தீபாவளி வருவதற்கு முன்னாலேயே. டயர் ரீட்ரெடிங் போடுகிற காஜா மைதீனுக்கு நெடுநாள் பாக்கி, அந்த மனிதர் ஒரு தடவை கூட வாய் திறந்து கேட்டதில்லை, கேட்காதவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். தினமும் விடிகாலையில் பஸ் மூஞ்சிக்கு மாலை கட்டிக் கொடுக்கிற பூக்காரி வெள்ளையம்மா, அவளுக்கு மாசக் கணக்கு, அது நின்றுபோய் எத்தனையோ மாசம், ஆனால் மாலை ஒரு நாளும் நின்றதில்லை. மூன்று பஸ்ஸில் இரண்டைப் பைனான்ஸ்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன மறுநாளும் அவள் மூன்று மாலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மிச்சம் இரண்டு எதுக்குடி என்றதற்கு, திரும்பி வந்துச்சுன்னா மூஞ்சி வெறுமையா நிக்கக்கூடாதுல்ல என்றாள். அவளுக்குக் கொடுத்தபோது மடியை விரித்து வாங்கிக்கொண்டாள், எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் கொடுத்து முடித்த அன்றைக்கு ராத்திரி கோமளவல்லி வருஷக்கணக்கில் தூங்காத தூக்கம் தூங்கினாள். சின்னவர்கள் ஒருத்தர் பாக்கியில்லை. இனி பெரியவர்கள் மட்டும்தான், பைனான்ஸ், வங்கி, ஒச்சப்பன், டீசல் பங்க், பெரியவர்கள் பெரிய இடத்தில் போய்ப் பேசிக்கொள்ளட்டும். குளித்து முழுகிக் கோயிலுக்குப் போகிற மாதிரிதான் அவள் இந்த மாடிக்கு வந்திருக்கிறாள். வக்கீல் கேட்பாரல்லவா, கேட்கட்டும், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள்.

கீழே வீதியில் ஒரு ஹாரன் கேட்டது. நம்முடையது இல்லை. நம்முடையது இரண்டு சின்னதும் ஒரு நீளமும், அப்பா பழக்கியது, எந்த டிரைவர் வந்தாலும் முதல் நாளே அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அப்பா சங்கரலிங்கம் முதல் பஸ் வாங்கின வருஷத்தில் அவள் பிறந்தாள், பெயர் வைத்த அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு பஸ் நெற்றியில் சிவப்பு எழுத்தில் கோமளா என்று எழுதச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. கோமளா போயிட்டாளா, கோமளாவ விட்டுட்டேன், கோமளாவுல இடமே இல்ல என்று தேவதானப்பட்டி நிறுத்தத்தில் ஊரே பேசும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கோமளா பஞ்சர் என்று கத்துவார்கள், அழுதுகொண்டு வந்தவளிடம் அப்பா, நம்ம பஸ் பஞ்சராகிப் பாத்திருக்கியா நீ என்று கேட்டார், அழுகை நின்றுவிட்டது. கோமளா பஸ்ஸைப் பார்த்துத்தான் பால்காரர்கள் கேனைத் தூக்குவார்கள், கோமளா பஸ்ஸைப் பார்த்துத்தான் வாத்தியார் மணியடிப்பார். தண்ணீர் ரோட்டை அறுத்துக்கொண்டு போன வருஷம் தவிர லேட்டாக வந்தது என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட பெயரைக் கோர்ட் வராந்தாவில் டவாலி போட்ட சேவகன் நின்று மூன்று தடவை கூப்பிடுவானாமே. கோமளவல்லீ, கோமளவல்லீ. எப்படிக் கூப்பிடுவான்? மொக்கராசு ஊர்ப் பெயரை இழுத்துக் கூப்பிடுவது மாதிரியா? அந்தச் சேவகனுக்கென்ன தெரியும் அது என்ன பெயரென்று. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது, சேலை ஆணியில் மாட்டின மாதிரி, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மூன்று தடவை கூப்பிடுவான், அவள் எழுந்து போக வேண்டும், முதல் தடவையிலேயே போய்விடலாமா, இல்லை மூன்றாவது வரைக்கும் உட்கார்ந்திருக்கலாமா. முதல் தடவையிலேயே போய்விட வேண்டியதுதான். நேரத்துக்குப் போகிறவள் அல்லவா.

பயமில்லை என்று சொன்னால் அது பொய். வாசலில் வந்து நிற்கிற இரண்டு பையன்களைப் பார்த்தால் பயம்தான். பைனான்ஸ் கம்பெனி வசூலுக்கு அனுப்புகிற பையன்கள், வண்டியைக் கொண்டுபோய் விற்றும் கடன் அடையவில்லையாம், மீதிக்கு வருகிறார்கள். அடிப்பதில்லை, வைவதில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு போனில் யாரிடமோ சத்தமாகப் பேசுகிறார்கள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவர்கள் வந்தால் அவள் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன், முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், டிவியை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொள்கிறார். அவர் மேல் தப்பு சொல்ல அவளுக்கு மனசில்லை, கடன் சொல்லி ஒரு பென்சில் வாங்கியறியாதவர். கொரோனாவுக்கு முந்தின மாசம் இரண்டு புது வண்டி எடுக்கலாமா என்று கேட்டபோது, உனக்குத் தெரியாததா என்றார். அவளுக்குத் தெரியத்தான் செய்தது, ஊரே அடைந்து கிடக்கும் என்று மட்டும் தெரியவில்லை. வண்டிகள் ஷெட்டில் நின்று சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்தது. முளைத்த புல்லை மொக்கராசு தினமும் வந்து பிடுங்கினான், அரைச் சம்பளம் வாங்குகிறோமே, வேலை செய்ய வேண்டாமா என்று. அப்புறம் ரோடு திறந்தது, பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று வந்தது. பஸ் முதலாளிகள் கூட்டத்தில் எல்லோரும் குதித்தார்கள். பொம்பளைகள் காசில்லாமல் வேலைக்குப் போவதைப் பார்த்து நான் வயிறு எரிய முடியாது, நம்ம பாட்டை நாம் பார்ப்போம் என்று அவள் ஒருத்திதான் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து வீட்டில் படுத்து அழுதாள், அது வேறு. இரண்டையும் செய்யக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? உள்ளே குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. சந்தியாகு கதவைத் திறந்து, வாங்கம்மா என்றார்.

அமலநாதன் அவள் நினைத்த மாதிரி இல்லை. ஒச்சப்பனைத் தூங்கவிடாமல் அடித்த ஆள் என்றால் மீசையும் கனத்த குரலுமாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தாள். எதிரே ஒல்லியாக, நெற்றியில் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு ஒரு மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார். சின்ன வயதில் அவள் பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போனேன் என்றார். எல்லா வக்கீலும் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, எந்த டிரைவர் என்று கேட்டாள். சரியாகச் சொன்னார். ஆளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் பேசுவதை விடக் கேட்பதுதான் அதிகமாக இருந்தது. சொத்து எதையாவது யார் பெயருக்காவது மாற்றி எழுதியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்டார், வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டை மச்சான் பெயருக்கு எழுதிவிட்டுத்தான் படியேறுகிறார்கள் என்றார். ஒரு செங்கல் மாற்றவில்லை என்றாள். நகை? அதுதான், அதைத்தானே கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, சங்கிலியிலிருந்து ஆரம்பித்து, சம்பளம், போனஸ், காஜா மைதீன், வெள்ளையம்மா என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வெள்ளையம்மாவின் மூன்று மாலையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நெகிழ்ந்தது, நெகிழட்டும் என்று விட்டுவிட்டாள். சொல்லி முடித்தபோது வக்கீலின் பேனா நின்றிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். ரொம்ப நல்ல மனசும்மா என்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. மனு போடுவதற்கு முந்தின மூன்று மாசத்துக்குள் சிலருக்கு மட்டும் பிரியப்பட்டுக் கொடுத்திருந்தால், அதைச் செல்லாது என்று கோர்ட் சொல்லலாம் என்றார். இருக்கிறது எல்லோருக்கும் பொது, வீதப்படி பிரிக்க வேண்டியதை உங்கள் கையால் நீங்களே பிரித்துவிட்டீர்கள். சம்பளத்துக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு, அதைப் பேசிப் பார்க்கலாம். டயர்க்காரரும் பூக்காரம்மாவும்தான் சிக்கல். பைனான்ஸ் வக்கீல் கேட்டால், கேட்பார், வாங்கினதைத் திருப்பிக் கட்டு என்று அவர்களுக்கு நோட்டீஸ் போகும். கோமளவல்லிக்கு முதலில் காதில் விழவே இல்லை. விசிறி இங்கேயும் கடகடவென்று அடித்துக்கொண்டது. நோட்டீஸ், வெள்ளையம்மாவுக்கு. படிக்கத் தெரியாதவள், யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுவாள், அவன் படித்துச் சொல்வான், மொதலாளியம்மா குடுத்ததத் திருப்பிக் கேக்குறாங்க என்று. அவள் மடியை விரித்து வாங்கினது எங்கே இருக்கப் போகிறது இன்னும், மகன் வீட்டுக் கூரைக்குப் போயிருக்கும். கூரையைப் பிரித்தா கொடுப்பாள்? பிரித்தாலும் பிரித்துக் கொண்டுவந்து கொடுப்பாள் அவள், அதுதான் பயம். மூன்று மாலை கட்டினவள். கை கழுத்துக்குப் போயிற்று, கயிறு. நான் விற்றதும் வீண், கொடுத்ததும் வீண், நல்லது செய்கிறேன் என்று அவர்களையும் கோர்ட்டுக்கு இழுத்து வந்து நிறுத்திவிட்டேனா? வக்கீல் மறுபடி ஏதோ கேட்டார். என்னவென்றாள்.

"அவங்க வந்து கேட்டாங்களாம்மா? வாசல்ல நின்னு சத்தம் போட்டாங்க, கேஸ் போடுவேன்னு மெரட்டுனாங்க, இப்படி ஏதாச்சும்? மெரட்டலுக்குப் பயந்து குடுத்திருந்தா அது வேற மாதிரி. அப்ப அந்தக் காச யாரும் தொட முடியாது."

கேட்டுவிட்டு அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஒச்சப்பன் சொன்னது ஞாபகம் வந்தது, ஒரு பொய் சொன்னான் என்று காட்ட வழியில்லை. இவர் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததா என்று கேட்கிறார், அவ்வளவுதான். பேனா மூடி திறந்தே இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். காஜா மைதீன் கடையில் நின்று கத்தினார், வெள்ளையம்மா தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள் என்று ஒரு வரி எழுதினால் அவர்கள் இருவரும் பிழைத்துக்கொள்வார்கள், அவளுக்கும் நாளைக்கே மனு, வாசலில் பையன்கள் வராமல் கோர்ட் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்காரர் அடுப்படியில் போய் நிற்க வேண்டாம். அவர்களுக்கு நல்லதுதானே, அவர்களுக்காகத்தானே. காஜா மைதீன் சத்தம் போட்டு அவள் பார்த்ததில்லை, எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. வெள்ளையம்மா மண்ணை வாருவதை நினைத்துப் பார்த்தாள். வாருகிற கையில் பூ இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, வக்கீல் மேல் இல்லை, சட்டத்தின் மேல் கூட இல்லை. அடித்துப் பிடுங்கினவனுக்குக் கொடுத்தால் சரி, வாய் திறக்காதவளுக்குக் கொடுத்தால் தப்பு என்று ஒரு வரியை எவனோ எழுதி வைத்திருக்கிறான், அவன் கோமளா பஸ்ஸில் ஏறினதே இல்லை போலிருக்கிறது.

"யாரும் கேக்கல சார்," என்றாள். "அவங்க கேக்குற ஆளுங்க இல்ல. கேக்குற வரைக்கும் விட்டு வைக்கிற ஆளு நானும் இல்ல. அப்படியே எழுதிக்கங்க."

அமலநாதன் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போன மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்படியானால் ஒரே வழி என்றார். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாசம் முழுசாகத் தாண்டட்டும், அதற்கப்புறம் மனு போட்டால் அந்தப் பணத்தை இந்தச் சட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் அதுவரைக்கும் கோர்ட் நிழல் கிடையாது. யார் வேண்டுமானாலும் வருவார்கள், கேஸ் போடுவார்கள், வாசலில் நிற்பார்கள், எந்தத் தாளையும் காட்டி நீங்கள் அவர்களை நிறுத்த முடியாது. அதற்குள் யாராவது முந்திக்கொண்டு உங்கள் மேல் மனு போட்டால் கணக்கு மாறிவிடும், ஆகவே அவர்களைச் சமாதானமாகவும் வைத்திருக்க வேண்டும். இனி யாருக்கும் தனியாக ஒரு காசு கொடுக்கக்கூடாது. ஓடுகிற ஒரு பஸ்ஸின் வசூலில் டீசலும் சம்பளமும் போக மீதி பெட்டியிலேயே இருக்க வேண்டும், அது இனி உங்களுடையது இல்லை, கடன் கொடுத்தவர்களுடையது. முடியுமா என்றார். வக்கீல் அப்போதுதான் முதல் தடவையாக அவள் கழுத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

மூன்று மாசம். தினமும் அந்தப் பையன்கள். தெருவுக்குக் கேட்கிற போன் பேச்சு. ஒச்சப்பன் வேறு இப்போது உஷாராகிவிட்டிருப்பார், நம் வாயாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். மருந்துக் கடைக்காரர் இந்நேரம் பாதி ஊருக்குச் சொல்லியிருப்பார், மீதிக்குப் பரோட்டாக் கடை. ஓடி ஒளிந்துகொள்ள மஞ்சள் தாள் கூட இல்லாமல் மூன்று மாசம் பெரிய ரோட்டில் நிற்பது. இதை நினைத்தபோது பயம் வரும் என்று பார்த்தாள். வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அப்பா புது டிரைவரைக் கொடைக்கானல் மலையில் ஏற்றிப் பார்ப்பார், மேலே போனதும் வண்டியை விட்டு இறங்கி, தேறிவிட்டான் என்றால் சாவியை அவன் கையில் கொடுத்துவிடுவார். அந்தச் சாவி இப்போது தன் கையில் இருக்கிற மாதிரி அவளுக்குக் கனமாக இருந்தது. மூணு மாசந்தானே சார் என்றாள். சந்தியாகு வக்காலத்துப் படிவத்தைக் கொண்டுவந்தார், பெயரைச் சுருக்காமல் கோமளவல்லி என்று நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். பீஸைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மனு போடும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்றார் வக்கீல். அவள் பர்ஸைத் திறந்து, இதற்கென்றே தனியாக வைத்திருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கடன் சொல்லி வக்கீல் வைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்றாள். அமலநாதன் இந்தத் தடவை வாய்விட்டே சிரித்துவிட்டார், நியாயமான வக்கீல் பீஸைக் கோர்ட் ஒத்துக்கொள்ளும், கவலை வேண்டாம் என்றார். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கி வந்தாள். மருந்துக் கடைக்காரர் இப்போது பார்க்காத மாதிரி பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நம் வண்டி நின்றது, மூஞ்சியில் காலையில் போட்ட மாலை வாடாமல் இருந்தது, ஜெயக்கொடி இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். வழக்கமாக அவளுக்கென்று இருக்கும் முன் சீட்டில் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், மொக்கராசு அவளை எழுப்பப் போனான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். இந்தச் சீட்டில் ஸ்பிரிங் குத்துகிறது, இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லையே. இரண்டு சின்னதும் ஒரு நீளமும் அடித்து வண்டி நகர்ந்தது. மொக்கராசு டிக்கெட் போட்டுக்கொண்டே வந்து, அவளைத் தாண்டிப் பின் சீட்டுக்குப் போனான். மொக்கராசு என்றாள். திரும்பினான். தேவதானப்பட்டி ஒன்று கொடு என்று நோட்டை நீட்டினாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் கலங்கிவிட்டது, ஏதோ புரிந்துவிட்டது அவனுக்கு.

"என்னம்மா நீங்க. ஒங்க வண்டியில ஒங்களுக்கு டிக்கெட்டா?"

"பையில இருக்குற காசு இனிமே எனக்கில்லப்பா. டிக்கெட்டப் போடு, சில்லறையச் சரியாக் குடு."

அவன் மெஷினை அழுத்தினான், அது கிர்ரென்று தாளைத் துப்பியது. உச்சியில் கோமளா மோட்டார் சர்வீஸ் என்று இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த பஸ்ஸில் போகிறாள், இதுவரை இப்படி ஒன்றைக் கையில் வாங்கினதில்லை. நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறது, எழுத்து எழுத்தாகத் தெளிவாக. மடித்து பர்ஸில் வைத்தாள். பெரியகுளம் எல்லையைத் தாண்டும்போது போன் அடித்தது. வீட்டுக்காரர், குரலைத் தணித்துப் பேசினார், அடுப்படியிலிருந்துதான் என்று தெரிந்தது. அந்தப் பையன்கள் வந்துவிட்டார்கள் கோமளா, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கதவைச் சாத்திவிட்டேன், நீ ஊரில் இல்லை என்று சொல்லிவிடட்டுமா என்றார். ஜன்னல் காற்று கழுத்தில் பட்டது, கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்தும் குரலைத் தணிக்கவில்லை.

"கதவத் தொறந்து விடுங்க. வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணி குடுங்க. நான் கோமளா பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன், லேட் ஆகாதுன்னு சொல்லுங்க."